மூளை மருத்துவ மேதை ஹார்வி குஷிங்

எண்சாண் உடம்பிற்குத் தலையே தலைமையானது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. கண் காண்பதும், செவி கேட்பதும், நா பேசுவதும், கை தொழில் புரிவதும் தலையினுள் இருக்கும் மூளையின் ஏவலாலேயே ஆகும். ஏறத்தாழ 1,400 கிராம் எடையே உள்ள அம்மென்மையான உறுப்பினை இயற்கைத் தாய் எலும்புப் பேழையுள் வைத்துப் பூட்டினாள். மூன்று உறைகளால் போர்த்தினாள். தெளிந்த நீரில் மிதக்கவும் விட்டாள். இவ்வாறு போற்றிக் காக்கப்பெறும் மூளையினுள்ளும் நோய் புகுதல் உண்டு. அங்கே கட்டி தோன்றி வளருமாயின், காவலாய் நின்ற மண்டையோடே சிறைக்கூடமாக மாறிவிடுகிறது. கட்டி பெருக இடமில்லை. மூளை ஒதுங்க வழியில்லை. ஆகவே மூளை நசுங்குகிறது. தலைநோவும் வாந்தியும் தோன்றுகின்றன, கண்ணொளி மங்குகிறது, இறுதியில் உயிரும் பிரிகிறது.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது இந்நோய்க்கு மருத்துவர்கள் அஞ்சி ஒதுங்கினர். 1884 ஆம் ஆண்டில் இலண்டனில் ரிக்மன் காட்லி என்பவர் மூளைக்கட்டி ஒன்றை அகற்றினார். அந்நோயாளி ஒரு திங்கள் அளவே உயிர் வாழ்ந்தார். 1887 ஆம் ஆண்டில் அந்நகரத்து விக்டர் ஹார்ஸ்லி முதுகுத்தண்டினை அழுத்திய கட்டி ஒன்றை எடுத்து, நடக்கவியலாதிருந்த ஒருவரை நடக்கச் செய்தார். இத்தகைய வெற்றிகள் பாலைவனத்துச் சோலைகள் போல் அரிதாகவே இருந்தன. மூளையைத் திறந்த மருத்துவர் பலர் நோயாளியின் உயிரைக் காக்க இயலாது வருந்தினர். இந்நிலையை மாற்றி, மூளை அறுவையைத் தனியொரு மருத்துவத் துறையாக வளர்த்தவருள் தலைசிறந்தவர் ஹார்வி குஷிங் என்னும் அமெரிக்கர். அவருடைய கைத்திறன் பெரிது. ஆயினும் அதனினும் பெரிதாய் நின்றது அவர் மேற்கொண்ட ஒரு பழக்கம். வெற்றியைப் போன்றே தோல்வியையும் மறையாது எழுதிவைத்தலே அப்பழக்கமாகும். அதனால் விளைந்த நன்மையினை அவர்தம் வரலாறு உள்ளங்கை நெல்லிக்கனி போல் காட்டும்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்தது கிளீவ்லாந்து நகரம். அது ஈரி என்னும் பேரேரியின் கரையில் அமைந்துள்ளது. அந்நகரில் 1869 ஆம் ஆண்டு ஏப்பிரல் 8 ஆம் நாள் குஷிங் பிறந்தார். அவர் பெற்றோர்க்குப் பத்தாவது மகவு, கடைக்குட்டி. அவருடைய தந்தையார் மருத்துவர், பாட்டனாரும் மருத்துவர், பாட்டனாரின் தந்தையாரும் மருத்துவரே. ஆகவே மருத்துவம் அக்குடும்பத்தின் வழிவழிச் செல்வமாக இருந்தது எனலாம்.

இளமையில் யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1891 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் அவருக்குப் பெரிதும் விருப்பம் இருந்தது. பல்கலைக்கழகக் குழுவிலும் இடம்பெற்று ஆடினார். ஓவியம் வரைவதிலும் அவர் வல்லவர். ஆட்டத்தால் உறுதிபெற்ற கையும், ஓவியத்தால் கூர்மைபெற்ற கண்ணும் பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயின. பின்னர் பாஸ்டன் நகரத்து ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1895 ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் எய்தினார்.

ஈதரும் ஏடும்

குஷிங் மாணவராக இருந்தபோது நிகழ்ந்த ஒரு துயரம் அவர் உள்ளத்தில் பசுமரத்தாணி போற் பதிந்தது. அக்காலத்தில் அறுவையின்போது நோயாளியை மயக்குதற்கு ஈதர் என்னும் மருந்தினை முகரச் செய்வர். இத்தொழில் பெரும்பாலும் முன்பயிற்சி இல்லாத மாணவரிடமே ஒப்படைக்கப்பட்டது. ஒருநாள் குஷிங் ஈதர் கொடுத்துக்கொண்டிருந்த நோயாளி, அறுவை தொடங்கிய சிறிது நேரத்தில் இறந்துபட்டார். அந்நோயாளி முன்னரே மிகவும் நலிந்திருந்தார் என்றும், இளைஞர்மேல் குற்றமில்லை என்றும் பெரியோர் ஆறுதல் கூறினர். ஆயினும் குஷிங்கின் நெஞ்சம் அமைதி பெறவில்லை. மருத்துவக் கல்வியையே துறந்துவிடலாமா என்று அவர் எண்ணித் தெருக்களில் அலைந்தார்.

துயரத்தில் ஆழ்ந்தோர் பலர் அதனை மறக்க முயல்வர். குஷிங்கோ அதனை ஆராய முற்பட்டார். நோயாளியின் நாடித் துடிப்பும் மூச்சும் அறுவையின்போது எவ்வாறு மாறுகின்றன என்பதை ஒருவரும் எழுதிவைப்பதில்லை. ஆதலின், கேடு நெருங்குவதை முன்னறிய வழியில்லை என்பதை அவர் உணர்ந்தார். எனவே, அவரும் அவருடைய நண்பர் அமோரி காட்மன் என்பவரும் ஒரு புதுமுறையினைக் கண்டனர். இடையிடையே நாடியையும் மூச்சையும் எண்ணி, அவற்றைக் கட்டமிட்ட தாளில் புள்ளிகளாகக் குறித்தனர். யார் நன்முறையில் மயக்கம் கொடுப்பது என இருவரும் போட்டியும் இட்டனர். ஈதர் ஏடுகள் எனப்பட்ட அத்தாள்களே இன்று உலகத்து அறுவைக் கூடங்களிலெல்லாம் எழுதப்பெறும் மயக்கக் குறிப்பேடுகளுக்கு முன்னோடி. ஓர் உயிரிழப்பினால் உண்டான வருத்தம் எண்ணிறந்த உயிர்களைக் காக்கும் வழக்கமாக மலர்ந்தது.

பால்டிமோரும் ஐரோப்பியப் பயணமும்

1896 ஆம் ஆண்டில் குஷிங் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையை அடைந்தார். அங்கே வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் பேரறிஞர் அறுவைத் துறைத் தலைவராக விளங்கினார். விரைந்து அறுப்பவனே சிறந்த மருத்துவன் என்று உலகம் கருதிய காலம் அது. மயக்க மருந்து தோன்றாத நாளில் நோயாளியின் வேதனையைக் குறைக்க விரைவு தேவைப்பட்டது. மயக்க மருந்து வந்த பின்னரும் பலர் அவ்விரைவினை விடவில்லை. ஹால்ஸ்டெட்டோ மெல்ல மெல்ல, ஒவ்வொரு குருதிக் குழாயையும் கட்டி, தசையை நசுக்காது, தூய்மை கெடாது அறுவை செய்யும் முறையினைக் கற்பித்தார். மலரினும் மெல்லியதாகிய மூளைக்கு இம்முறையே உரியது என்பதைக் குஷிங் கண்டுகொண்டார்.

ஊடுகதிர்ப் படம் எடுக்கும் முறை அப்பொழுதுதான் உலகிற்கு அறிமுகமாகியிருந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அதனை முதலிற் கையாண்டவருள் குஷிங்கும் ஒருவர். துப்பாக்கிக் குண்டு பாய்ந்து முதுகுத்தண்டு புண்பட்டோரை அவ்வாறு ஆராய்ந்து, 1898 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அம்மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஆஸ்லர் என்னும் மருத்துவப் பேராசிரியரின் அன்பும் அவருக்குக் கிடைத்தது. ஆஸ்லர் அவருக்கு ஆசானாகவும் தந்தையாகவும் விளங்கினார்.

1900 ஆம் ஆண்டில் குஷிங் ஐரோப்பா சென்றார். சுவிட்சர்லாந்தின் தலைநகராகிய பெர்னில் தியோடோர் கோக்கர் என்பாரிடம் ஆராய்ச்சி மேற்கொண்டார். மண்டையினுள் அழுத்தம் மிகுந்தால் உடலில் யாது நிகழும் என்பதே அவர் ஆராய்ந்த பொருள். விலங்குகளிடத்துச் செய்த சோதனைகளால் அவர் ஓர் உண்மையைக் கண்டார். மண்டையினுள் அழுத்தம் ஏறுந்தோறும், நசுங்கும் மூளைக்குக் குருதியை எவ்வாறேனும் செலுத்துதற்பொருட்டு உடல் தன் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. இந்நிகழ்ச்சி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. தலையில் அடிபட்டோரைக் காக்கும் மருத்துவர்கள் இரத்த அழுத்தம் உயர்வதையும் நாடி தளர்வதையும் இடர்க்குறியாகக் கொண்டு விழிப்புடன் நோக்குகின்றனர்.

திரும்பும் வழியில், இத்தாலியில் பாவியா என்னும் ஊரில், கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் அளக்கும் எளிய கருவி ஒன்றைக் கண்டார். ரிவா-ரோச்சி என்னும் இத்தாலியர் அமைத்த அக்கருவியின் வரைபடத்துடன் 1901 ஆம் ஆண்டில் தாயகம் மீண்டு, அறுவைக் கூடத்தில் அதனை வழக்கத்திற் கொணர்ந்தார். நாடியின்மேல் வைத்த விரலே போதும். கருவி எதற்கு என்று எள்ளியோரும் உளர். குஷிங் தம் ஈதர் ஏட்டில் இரத்த அழுத்தத்திற்கும் ஒரு கோட்டினைச் சேர்த்தார். எள்ளலுக்கு அதுவே விடையாயிற்று.

தோல்வியில் தொடங்கிய தொண்டு

மூளைக்கட்டிகளை அகற்றும் பணியில் குஷிங் இறங்கியபோது வெற்றி அவரை எளிதில் வந்தடையவில்லை. தொடக்கத்தில் அவர் மேற்கொண்ட அறுவைகள் தோல்வியையே தந்தன. கட்டி எங்குள்ளது என்பதை உள்ளவாறு காட்டும் கருவி அன்று இல்லை. நோயாளியின் பார்வை, நடை, பேச்சு, தசை வலிமை ஆகியவற்றை நுணுகி ஆராய்ந்தே இடத்தை உய்த்துணர வேண்டும். உய்த்துணர்ந்தது பிழைபட்டால், மண்டையைத் திறந்தும் கட்டியைக் காண இயலாது. கண்டபோதும், பெருகும் குருதியை நிறுத்துவது மற்றொரு பெருந்தடை. நூலாற் கட்டுதற்கு இயலாத நுண்ணிய குழாய்கள் மூளையில் நிறைந்துள்ளன. இதற்கெனக் குஷிங் சிறிய வெள்ளிக் கவ்விகளை அமைத்து, அவற்றைக் குருதிக் குழாய்களின்மேல் பூட்டும் முறையினை 1911 ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஒவ்வோர் அறுவையும் பல மணி நேரம் நீடித்தது. அறுவை முடிந்ததும் அவர் ஓய்வெடுக்கச் செல்வதில்லை. கண்டதனைத் தம் கையாலேயே படமாக வரைவார், நிகழ்ந்ததனை எழுதுவார். நோயாளி பிழைத்து வீடு சென்றால், பின்னரும் மடல் எழுதி நலம் வினவுவார். நோயாளி இறந்துபடின், உறவினரின் இசைவு பெற்று உடலை ஆராய்ந்து, எங்கே தவறு நேர்ந்தது என்பதைக் காண்பார். அகற்றிய கட்டிகளையும், இறந்தோர் மூளைகளையும் கண்ணாடிச் சாடிகளிற் பாதுகாத்தார்.

அக்குறிப்புகளில் அவர் தம்மைக் காத்துக்கொள்ள முயலவில்லை என்பதே பெருஞ்சிறப்பு. 2011 ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சியாளர் சிலர், 1896 முதல் 1912 வரை அவர் அங்கு எழுதிய நோயாளர் குறிப்புகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். தம் கணிப்பிலும் கைவினையிலும் நேர்ந்த பிழைகளைக் குஷிங் ஒளிவுமறைவின்றிப் பதிந்திருந்தமையை அவர்கள் எடுத்துக்காட்டினர். குற்றத்தை ஒப்புக்கொண்டால் பெயர் கெடும் என்று அஞ்சுவது மனித இயல்பு. புதியதொரு துறையை நிலைநாட்ட முயலும் ஒருவர்க்கு அவ்வச்சம் பன்மடங்காக இருந்திருக்கும். எனினும் மறைத்த பிழை மீண்டும் நிகழும். எழுதிய பிழையோ ஆசானாக மாறும். இவ்வுண்மையை உணர்ந்தமையால், தம் புகழினும் நோயாளியின் உயிரே பெரிதென அவர் கொண்டார்.

1910 ஆம் ஆண்டில் லெனார்டு உட் என்னும் படைத்தலைவரின் மூளையுறையில் வளர்ந்த கட்டியை அவர் அகற்றினார். உட் நலம் பெற்று, அவ்வாண்டிலேயே அமெரிக்கப் படையின் உயர்ந்த பதவியை ஏற்றார். இந்நிகழ்ச்சியால் குஷிங்கின் புகழ் குன்றின்மேல் இட்ட விளக்காயிற்று. ஆனால் அக்கட்டி மீண்டும் வளர்ந்தது. 1927 ஆம் ஆண்டில் உட் மறுபடியும் குஷிங்கை நாடி வந்தார். நெடுநேரம் நடைபெற்ற அவ்வறுவையின் பின் அவர் உயிர் நீத்தார். தமக்குப் பெரும்புகழ் தந்த அந்நோயாளியின் இறுதியையும் குஷிங் மறைக்கவில்லை. பின்னாளில் மூளையுறைக் கட்டிகளைப் பற்றி எழுதிய பெருநூலில், அவ்வரலாற்றை முழுமையாக விரித்துரைத்தார்.

போர்க்களத்தில் குஷிங்

1912 ஆம் ஆண்டில் குஷிங் பாஸ்டன் திரும்பி, பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையின் அறுவைத் துறைத் தலைவராகவும் ஹார்வர்டு பேராசிரியராகவும் பொறுப்பேற்றார். முதல் உலகப் போர் மூண்டது. 1917 ஆம் ஆண்டில் அமெரிக்கா அதிற் கலந்துகொள்ளவே, குஷிங்கும் மருத்துவப் படையினருடன் ஐரோப்பா சென்றார். பெல்ஜியத்தில் பாஷெண்டேல் போர் நடந்துகொண்டிருந்தது. தலையிற் குண்டுச் சிதறல் பாய்ந்த வீரர்கள் அலையலையாகக் கொண்டுவரப்பட்டனர். கூடாரங்களில், மழையிலும் சேற்றிலும், அவர் இரவு பகலாகப் பணியாற்றினார்.

அங்கும் எழுதுவதை அவர் விடவில்லை. மூளையினுட் சிக்கிய எலும்புத் துண்டுகளையும் சிதைந்த பகுதிகளையும் இரப்பர்க் குழாயால் மெல்ல உறிஞ்சி எடுத்தார். இரும்புச் சிதறல்களைக் காந்தத்தின் உதவியால் அகற்றினார். முதல் திங்களில் அவரிடம் வந்த மூளைக்காயத்தினருள் 100க்கு ஏறத்தாழ 54 பேர் இறந்தனர். மூன்றாம் திங்களில் அவ்வெண் 29 அளவிற்குக் குறைந்தது. இக்குறைவு தற்செயலாக வந்ததன்று. ஒவ்வொரு சாவின் காரணத்தையும் ஆராய்ந்து, மறுநாள் முறையைத் திருத்தியமையால் வந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் அவர் உள்ளத்தைப் பிளக்கும் நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. தம் ஆசான் ஆஸ்லரின் ஒரே மகனாகிய எட்வர்டு ரெவியர் போர்க்களத்திற் படுகாயமுற்றான். செய்தி அறிந்த குஷிங் இரவோடிரவாக விரைந்தார். அமெரிக்க மருத்துவர் சிலர் கூடி முயன்றும் அவ்விளைஞனைக் காக்க இயலவில்லை. ஆகஸ்டு 30 ஆம் நாள் அவன் உயிர் பிரிந்தது. அடக்கம் செய்யும்போது குஷிங் உடன் நின்றார். மகனை இழந்த ஆஸ்லர் 1919 ஆம் ஆண்டின் இறுதியில் மறைந்தார். அவருடைய மனைவியாரின் வேண்டுகோட்கிணங்கி, ஆசானின் வரலாற்றைக் குஷிங் இரண்டு பெருந்தொகுதிகளாக எழுதி 1925 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்நூலுக்கு 1926 ஆம் ஆண்டில் புலிட்சர் பரிசு கிடைத்தது.

1926 ஆம் ஆண்டின் இன்பமும் துன்பமும்

பரிசு கிடைத்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் திங்களில், யேல் பல்கலைக்கழக மாணவராயிருந்த அவருடைய மூத்த மகன் வில்லியம் மோட்டார் வண்டி விபத்தில் மாண்டார். செய்தி காலையில் தொலைபேசி வழியே வந்தது. அன்று ஓர் அறுவை குறிக்கப்பட்டிருந்தது, நோயாளி காத்திருந்தார். குஷிங் வீட்டாருக்குச் செய்தியைத் தெரிவித்துவிட்டு, அறுவைக் கூடத்திற்குச் சென்று தம் கடமையை முடித்தார். உள்ளம் உடைந்திருந்தும் கை நடுங்கவில்லை. இதனை வன்னெஞ்சம் என்பாரும் உண்டு. தம்மை நம்பி வந்தவரைக் கைவிடலாகாது என்னும் அறவுணர்வு என்பதே பொருத்தமாகும்.

அவ்வாண்டு அக்டோபர் 1 ஆம் நாள் மருத்துவ வரலாற்றில் பொன்னாள். ஹார்வர்டைச் சேர்ந்த வில்லியம் போவி என்னும் அறிவியலாளர் ஒரு மின்கருவியை அமைத்திருந்தார். விரைந்து அலையும் மின்னோட்டத்தால் அது தசையை அறுக்கும். குருதிக் குழாய்களையும் உடனே சுட்டு அடைக்கும். சில நாட்களுக்கு முன் குருதி பெருகியமையால் இடையில் நிறுத்த நேர்ந்த ஓர் அறுவையை, அக்கருவியின் உதவியால் குஷிங் அன்று நிறைவேற்றினார். முன்னர் அகற்ற இயலாதவை எனக் கைவிட்ட கட்டிகளையுடைய நோயாளர்களை அவர் மீண்டும் வரவழைத்தார். எவரெவர் எந்நோயுடன் திரும்பிச் சென்றனர் என்பதைக் குறித்து வைத்திருந்தமையாலேயே அவர்களை அவ்வாறு அழைக்க முடிந்தது.

இரண்டாயிரம் கட்டிகள்

இப்பெரும் பணியில் அவருக்கு உறுதுணையாக நின்றவர் லூயிஸ் ஐசன்ஹார்ட் என்னும் அம்மையார். 1915 ஆம் ஆண்டில் எழுத்துப்பணி புரியும் உதவியாளராக வந்த அவர், தம் முயற்சியால் மருத்துவம் பயின்று பட்டம் பெற்று, மூளைக்கட்டிகளை நுண்பெருக்கியால் ஆராயும் வல்லுநராக உயர்ந்தார். ஒவ்வொரு கட்டியின் வகையும், ஒவ்வொரு நோயாளியின் முடிவும் அவருடைய குறிப்பேட்டில் இடம்பெற்றன. கட்டிகளின் வகைகளைப் பெர்சிவல் பெய்லி என்பாருடன் சேர்ந்து குஷிங் வகுத்து, 1926 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1931 ஆம் ஆண்டு ஏப்பிரல் 15 ஆம் நாள், உறுதிசெய்யப்பட்ட மூளைக்கட்டிகளுள் இரண்டாயிரமாவதற்கு அவர் அறுவை செய்தார்.

மூளையின் அடியிலே பட்டாணிக் கடலை அளவில் தொங்கும் பிட்யூட்டரி என்னும் சுரப்பியையும் அவர் நுணுகி ஆராய்ந்தார். 1912 ஆம் ஆண்டில் அதனைப் பற்றி நூலொன்று இயற்றினார். முகம் வட்டமாகப் பருத்தும், உடல் தடித்தும், கைகால்கள் மெலிந்தும், இரத்த அழுத்தம் மிகுந்தும் வருந்திய நோயாளர் சிலரின் குறிப்புகளை ஒப்புநோக்கி, அச்சுரப்பியில் தோன்றும் மிகச் சிறிய கட்டியே காரணம் என 1932 ஆம் ஆண்டில் விளக்கினார். ஐயுற்றோர் பலர். பிற்கால ஆராய்ச்சி அவர் கூற்றினை மெய்ப்பித்தது. அந்நோய் குஷிங் நோய் என்றே இன்றும் வழங்கப்பெறுகிறது.

மூக்கின் வழியே சென்று அச்சுரப்பியின் கட்டியை அகற்றும் முறையில் 1910 முதல் 1925 வரை 231 அறுவைகள் செய்தார். பின்னர் அவரே அதனைக் கைவிட்டார். ஆனால் அவர் மாணவரான எடின்பரோ நார்மன் டாட் அதனைப் போற்றி வந்தார். அவரிடமிருந்து பாரிசைச் சேர்ந்த ஜெரார் கியோவும், அவரிடமிருந்து மான்ட்ரியலைச் சேர்ந்த ஜூல் ஹார்டியும் கற்றனர். ஹார்டி 1960களில் நுண்பெருக்கியைச் சேர்த்து அம்முறைக்குப் புத்துயிர் அளித்தார். இன்று பிட்யூட்டரிக் கட்டிகளுட் பெரும்பாலானவை மூக்கின் வழியாகவே அகற்றப்பெறுகின்றன.

குணமும் குறையும்

குஷிங் குறையே இல்லாதவர் அல்லர். உடன் பணிபுரிவோரிடம் கடுஞ்சொல் வழங்குவார். சிறு பிழையையும் பொறுக்கமாட்டார். இல்லத்தார்க்கு அவர் ஒதுக்கிய நேரம் மிகவும் குறைவு. புகைக்கும் பழக்கமும் அவரை விடாது பற்றியிருந்தது. அவர் கால்களில் குருதி ஓட்டம் குன்றி, முதுமையில் நடப்பதே துன்பமாயிற்று. ஆயினும் நோயாளியின் படுக்கையருகே அவர் வேறொருவராக மாறிவிடுவார். அறுவை முடிந்தபின் தலையைச் சுற்றித் துணிக்கட்டு இடுவதையும் பிறரிடம் விடாது தாமே செய்யும் அளவிற்கு அன்பும் அக்கறையும் உடையவர்.

1932 ஆம் ஆண்டில் பாஸ்டன் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மறு ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். ஐசன்ஹார்ட் அம்மையாருடன் சேர்ந்து எழுதிய மூளையுறைக் கட்டிகள் பற்றிய பெருநூல் 1938 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1939 ஆம் ஆண்டு அக்டோபர் 7 ஆம் நாள், நியூ ஹேவன் நகரில், நெஞ்சடைப்பினால் குஷிங் இயற்கை எய்தினார். அவர் உடலை ஆராய்ந்த மருத்துவர்கள் அவர் மூளையினுள்ளும் சிறியதொரு கட்டி இருந்தமையைக் கண்டனர். வாழ்நாளெல்லாம் பிறருடைய மூளைக்கட்டிகளை ஆராய்ந்தவர்க்குத் தம் தலையினுள் இருந்தது தெரியாமலே போயிற்று.

விட்டுச் சென்ற செல்வம்

குஷிங் விட்டுச் சென்ற செல்வங்களுள் முதன்மையானவர் அவர் மாணவர்கள். ஆஸ்திரேலியாவிற் பிறந்து ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய ஹியூ கெய்ன்ஸ் அவர்களுள் ஒருவர். மோட்டார் சைக்கிள் விபத்துகளில் தலைக்காயமுற்றோரை எண்ணி ஆராய்ந்து, தலைக்கவசத்தின் நன்மையை 1941 ஆம் ஆண்டில் அவர் எடுத்துரைத்தார். வைல்டர் பென்ஃபீல்டு என்பவர் 1918-1919 இல் குஷிங்கின் மருத்துவமனையிற் பயின்றவர். 1934 ஆம் ஆண்டில் கனடா நாட்டு மான்ட்ரியலில் நரம்பியல் நிலையத்தை நிறுவியவர். பென்ஃபீல்டின் நிலையத்திற் பயிற்சி பெற்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949 ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறை தோன்றியது அப்பொழுதேயாகும். இவ்வாறு பாஸ்டனில் ஏற்றிய விளக்கின் ஒளி பாலாற்றங்கரை வரை வந்து சேர்ந்தது.

அவர் சேர்த்த சாடிகளும் படங்களும் குறிப்புகளும் யேல் பல்கலைக்கழகத்தை அடைந்தன. நெடுங்காலம் மாணவர் விடுதி ஒன்றின் நிலவறையில் கேட்பாரற்றுக் கிடந்த அவை, பின்னர் செப்பனிடப்பெற்று, 2010 ஆம் ஆண்டு முதல் அப்பல்கலைக்கழகத்து மருத்துவ நூலகத்திற் காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ளன.

இன்று மண்டையைத் திறவாமலே கட்டியைக் காட்டும் கருவிகள் உள. கணினி வழி எடுக்கும் ஊடுகதிர்ப் படம் 1971 ஆம் ஆண்டில் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பெற்றது. காந்தப் புலத்தால் எடுக்கும் படங்கள் பின்னர் வந்தன. ஒரு மருத்துவர் தனியே எழுதிய குறிப்பு மட்டும் இன்று போதாது. பல மருத்துவமனைகள் ஒன்றுகூடி, ஒரே நோய்க்குரிய இருவேறு முறைகளை ஒப்பிட்டு, எது நலம் பயக்கும் என ஆராய்கின்றன. இவ்வாராய்ச்சிகளுக்கு அறநெறி வகுக்கும் ஹெல்சிங்கி அறிக்கையை உலக மருத்துவச் சங்கம் 1964 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. எதிர்பார்த்த பயன் விளையாதபோதும் முடிவினை மறையாது வெளியிடுதல் வேண்டும் என்பதனை 2000 ஆம் ஆண்டுத் திருத்தம் வற்புறுத்தியது. சட்டம் ஏதும் இல்லாத காலத்தே, தம் மனச்சான்று ஒன்றையே சட்டமாகக் கொண்டு குஷிங் மேற்கொண்ட நெறியும் இதுவே.

கூர்மையான கத்தியைப் பிடிக்கும் கை பலர்க்கு வாய்க்கலாம். தன் பிழையைத் தானே எழுதும் கை சிலர்க்கே வாய்க்கும். மாணவன் தன் விடைத்தாளில் கண்ட பிழையை மறையாது திருத்திக் கற்பானாயின், அப்பிழையே அவனுக்கு ஏணியாகும். அறிவு வளர்வது மட்டுமன்றிப் பிற உயிர்கள் வாழ்வதும் அவ்வுண்மையைச் சார்ந்தது என்பதை ஹார்வி குஷிங்கின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.